தெரியாது என்று எழுதிய வளைவு

அந்தக் கடையைப் பெயர்ப்பலகையில் இருந்த பெயரால் யாரும் அழைத்ததில்லை. மூக்குக் கடை என்றுதான் சொல்வார்கள். ஒயினும் பிராந்தியும் விற்கிற கடைக்கு இப்படி ஒரு பெயர் வந்ததற்கு அதன் முதலாளிகளின் மூக்குதான் காரணம். நீளத்திலும் அகலத்திலும் அவை எல்லாரையும் போன்ற மூக்குகளே. ஆனால் அந்தக் குடும்பத்தின் மூத்த ஆண் முகர்ந்து பார்த்துத் தலையசைக்காமல் அங்கே ஒரு பீப்பாயும் திறக்கப்பட்டதில்லை. ஒரு பாட்டிலும் சிபாரிசு செய்யப்பட்டதில்லை.

இப்போதைய கடைக்காரர் ஐந்தாம் தலைமுறை. கடைக்கு நூற்றைம்பது ஆண்டு நிறைவதை ஒட்டி, வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு ஒரு சிறு விருந்து வைக்க ஏற்பாடாகியிருந்தது. அதில் கடையின் வரலாற்றை அவர் வாசிக்க வேண்டும். பல வாரங்களாக எழுதிக்கொண்டிருந்தார். எழுத எழுத அவருக்கு உள்ளே ஏதோ கூசியது. ஏன் கூசியது என்பதைச் சொல்லுமுன் அவர் எழுதிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

முதலாமவர் பீப்பாய் செய்யும் தச்சர். அவரிடம் பீப்பாய்கள் வாங்கிய வியாபாரி நொடித்துப்போனபோது, கூலிக்குப் பதில் பீப்பாய்களையே திருப்பிக் கொடுத்தார். உள்ளே ஒயின் இருந்தது. தச்சரோ பக்திமான், வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஒரு பீப்பாயைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் குவளைக் கணக்கில் விற்றார். சுவைத்துப் பார்க்க மனம் வராததால் முகர்ந்து பார்த்தே நல்லது கெட்டது பிரிக்கப் பழகினார். அதிலிருந்து வந்ததுதான் அந்தக் குடும்பத்து மூக்கு.

தான் விற்பது மனிதரை மகிழ்விக்கும், வீழ்த்தவும் செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் சில பழக்கங்களை விட்டுப்போனார். தள்ளாடிக்கொண்டு வருகிறவனுக்குச் சரக்கு கிடையாது. ஒரு நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் உண்டு. அந்த நாற்காலி இன்றும் வாசலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. குறை என்று திருப்பிக் கொண்டுவந்த பாட்டிலை முகர்ந்து பார்க்க வேண்டும். துளி சந்தேகம் இருந்தாலும் வாடிக்கையாளர் சொல்வதே சரி. காலையில் கதவைத் திறக்கும்போது ஒரு வேண்டுதல்: "இந்தக் கதவு வழியா வெளிய போறது எதுவும் யாருக்கும் கேடா முடிஞ்சிடக் கூடாது, ஆண்டவா." தலைமுறை தலைமுறையாகச் சாவியைத் திருப்பிக்கொண்டே அதைச் சொன்னார்கள்.

பிறகு வெள்ளம். கடைக்காரரின் தாத்தா காலத்தில் ஆறு கரை உடைத்து நிலவறைக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்தபோது பாட்டில்கள் உடையாமல் இருந்தன; லேபிள்களெல்லாம் கழன்று சுவரிலும் தரையிலும் சேற்றோடு ஒட்டிக் கிடந்தன. எது எந்த ஒயின் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். நிலவறைச் சுவரில் பாட்டில்களை அடுக்குவதற்கென்று வரிசையாகக் கட்டியிருந்த செங்கல் வளைவுகள் ஒவ்வொன்றிலிருந்தும் தாத்தா ஒரு பாட்டிலை எடுத்து, தக்கையைப் பிடுங்கி, முகர்ந்து, அந்தந்த வளைவின் மேல் சுண்ணாம்புக்கட்டியால் பெயர் எழுதிக்கொண்டே போனார். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. மூக்குக் கடை என்ற பெயர் நிலைத்தது அன்றைக்குத்தான்.

வரலாற்றில் இந்த இடம் வந்ததும் கடைக்காரரின் பேனா ஓடு ஓடென்று ஓடியது. பக்கத்துக்குப் பக்கம் தாத்தாவின் மூக்கு. எழுதியதைத் தங்கையிடம் காட்டினார். தங்கைதான் கிடங்கையும் வரத்து போக்கையும் பார்த்துக்கொள்கிறவர். கணவர் இறந்தபின் கடையோடு கடையாக ஆகிவிட்டவர். அவர் படித்துவிட்டு, தாத்தாவுக்குக் கண் காது எல்லாம் இருந்ததா, இல்லை மூக்கு மட்டும்தானா என்று கேட்டார். பிறகு கடைசி வளைவை ஏன் விட்டுவிட்டாய் என்றார்.

நிலவறையின் கோடியில் இருந்த கடைசி வளைவின் மேல் தாத்தா எழுதியது ஒரே சொல்: "தெரியாது." அந்த பாட்டில்களை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன ஒயின் என்று எனக்குத் தெரியாது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியே கொஞ்ச விலைக்கு விற்றுத் தீர்த்தார். சுண்ணாம்பு மங்கியபோது அதன்மேல் வண்ணம் பூசி எழுத்தை நிலைக்க வைத்ததும் அவரேதான். அண்ணனும் தங்கையும் சின்ன வயதில் ஒளிந்து விளையாடியது அந்த வளைவுக்குள்தான்.

"விழா வெச்சு, வந்தவங்க முன்னாடி தெரியாதுன்னு படிக்கவா?" என்றார் கடைக்காரர்.

"ஏன், தாத்தா எழுதினாரே" என்று சொல்லிவிட்டுத் தங்கை கிடங்குக்குப் போய்விட்டார்.

கடைக்காரருக்கு அந்தச் சொல்லே ஆகாமல் போனதற்கு வேறு காரணம் இருந்தது. போன மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது அவருடைய மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. படுக்கையிலிருந்து எழுந்து கடைக்கு வந்த முதல் நாள் பிராந்திப் பீப்பாயைத் திறந்து குனிந்தார். கிணற்றுக்குள் குனிந்ததுபோல் இருந்தது. குளிர்ச்சி முகத்தில் பட்டதே ஒழிய வேறு ஒன்றும் இல்லை. சளி என்று நினைத்தார். பிறகு சளி போயிற்று. வேறு ஊருக்குப் போய் ஒரு மருத்துவரைப் பார்த்தார். வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். வரும் என்று நம்பி யாரிடமும் சொல்லாமல் இருந்தார். நாளாக ஆக, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பயந்தே சொல்லாமல் இருந்தார்.

முகர்வதுபோல நடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. கண்ணை மூடவேண்டும், கொஞ்சம் காத்திருக்க வேண்டும், தலையை ஆட்டவேண்டும். நிறத்தைப் பார்த்தும், ஒயின் அனுப்பியவர்கள் எழுதியிருப்பதைப் படித்தும், தங்கையின் புருவம் எப்படிப் போகிறது என்று ஓரக்கண்ணால் கவனித்தும் சமாளித்தார். பாட்டில் ஏதாவது திரும்பி வந்தால் வாதாடாமல் வாங்கிக்கொண்டு வேறு கொடுத்தார். வீட்டில் மனைவி மட்டும் ஒருநாள், இப்போதெல்லாம் நீங்கள் சாப்பாட்டில் குறையே சொல்வதில்லையே, வயதாகிவிட்டதா, இல்லை என் கை பக்குவப்பட்டுவிட்டதா என்று கேட்டார். இரண்டும்தான் என்று சொல்லிவிட்டு அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் கடையில் கூட்டம். வழக்கமாக வருகிற ஓய்வுபெற்ற நீதிபதி கவுண்டருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓட்டல்காரர். நீதிபதிக்குக் கேலி பேசாவிட்டால் பொழுது போகாது. "என்னங்க, இப்பெல்லாம் எது திரும்பி வந்தாலும் வாய் பேசாம வாங்கிக்கிறீங்களாமே? மூக்கும் என்னை மாதிரி ஓய்வு வாங்கிடுச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, சுத்தமாக இருந்த கவுண்டரை மறுபடி துடைத்தார்.

அந்த நேரத்தில்தான் தையல்காரம்மா உள்ளே வந்தார்.

ஊரில் பாதிப் பேருடைய கோட்டுக்கும் பாவாடைக்கும் கை வைத்தவர் அவர். கடைக்கு அடிக்கடி வருகிறவர் இல்லை. போன வாரம் வந்து, என் அப்பா நல்ல காரியம் ஏதாவது நடந்தால் இங்கேதான் ஒரு பாட்டில் வாங்குவார், அதே ஒயின் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். கடைக்காரரே அலமாரித் தட்டிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். இப்போது அந்த பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை ஓரமாக நின்றார். பிறகு மெதுவாகக் கவுண்டர்மேல் வைத்து, துணியை அவிழ்த்தார். கொஞ்சம்தான் குறைந்திருந்தது.

"ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. இதுல ஈரத் துணியை மூட்டை கட்டி வெச்ச மாதிரி ஒரு வாடை வருது. எனக்குத்தான் அப்படித் தெரியுதா, இல்ல நெசமாவே அப்படித்தானான்னு நீங்க பார்த்துச் சொல்லணும்."

கடைக்காரர் ஒரு கிளாஸில் ஊற்றினார். கண்ணை மூடிக் குனிந்தார். எதுவும் இல்லை. வழக்கம்போல வாங்கிக்கொண்டு வேறு கொடுத்திருந்தால் ஐந்து தலைமுறைப் பழக்கம் அவரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் நீதிபதி மோவாயைத் தூக்கிக்கொண்டு, பார்த்தீர்களா என்பதுபோல ஓட்டல்காரரைப் பார்ப்பது தெரிந்தது. கடைக்காரர் நிமிர்ந்தார்.

"இதுல ஒரு குறையும் இல்லம்மா. பழைய ஒயின்னா இப்படித்தான் இருக்கும். பழக்கமில்லாதவங்களுக்குக் கொஞ்சம் வித்தியாசமாத் தெரியும்" என்றார். சொல்லிக்கொண்டே கிளாஸில் இருந்ததை, வேறு யாரும் வாங்கிப் பார்க்குமுன், சுவைத்துப் பார்க்கிறவர்கள் துப்புவதற்காக வைத்திருந்த பித்தளைப் பாத்திரத்தில் கொட்டிவிட்டார்.

நீதிபதியும் இன்னும் சிலரும் லேசாகச் சிரித்தார்கள். தையல்காரம்மாவின் முகம் சிவந்தது.

"அப்படிங்களா. எனக்குத் தெரியாம பேசிட்டேங்க. மன்னிச்சுக்குங்க."

துணியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். பாட்டிலை எடுத்துக்கொள்ளவில்லை. நீதிபதி, மூக்கு இன்னும் வேலையில்தான் இருக்கிறது என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு கடைக்காரரின் காதில் விழுந்த நேரத்தில் அவர் மனத்தில் திரும்பத் திரும்ப ஓடியது ஒன்றுதான்: அந்த அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார்.

கடை சாத்தும் நேரத்தில் கிளாஸ்களை எடுக்க வந்த தங்கை, கவுண்டரில் இருந்த பாட்டிலின் தக்கையை எடுத்தார். எடுத்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தக்கையில் பூஞ்சை பிடித்து ஒயின் முழுக்க ஏறிவிட்டது, இதை யார் கொண்டுவந்தது என்று கேட்டார். கடைக்காரர் சொன்னார். நல்லாத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியதையும் சொன்னார்.

தங்கை சிரித்தார். "என்னண்ணே நீ. இதுக்குப் பெரிய மூக்கெல்லாம் வேணாம். மூக்குன்னு ஒண்ணு இருந்தாலே போதும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அண்ணன் பதில் சொல்லாததால் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சாக்கடை அடைத்துக்கொண்டு கடையே நாறியபோது அண்ணன் ஒரு வார்த்தை சொல்லாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவு வந்தது. சளி, கூட்டம், சரியாகப் பார்க்கவில்லை என்று அவர் ஏதேதோ சொன்னார். தங்கை தலையை மட்டும் ஆட்டினார். மேலே கேட்கவில்லை. தானாகச் சொல்லட்டும் என்று விட்டுவிடுவதும் சில நேரம் ஒரு உதவிதான்.

மறுநாள் காலை கடைக்காரர் சாவியைத் திருப்பினார். வேண்டுதல் வாயில் வரவில்லை. கேடாக முடிந்துவிடக் கூடாது என்று சொல்ல எந்த முகம் இருக்கிறது? நிலவறைக்கு இறங்கிப் போய்க் கடைசி வளைவின் முன்னால் நின்றார். திரும்பி வந்தது அந்த ஒரு பாட்டில். போன மழைக்காலம் முதல் இதுவரை திரும்பி வராதவை எத்தனையோ. எத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்து, மூக்குக் கடை ஒயின் ஆயிற்றே, நமக்குத்தான் நாக்கு சரியில்லை என்று நினைத்து விழுங்கினார்களோ? தாத்தாவின் எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. இத்தனை வருஷம் பார்த்தும் அதை எழுதும்போது அவர் கை நடுங்கியிருக்கும் என்று இவர் யோசித்ததே இல்லை.

அதே ஒயினில் வேறொரு பாட்டிலை எடுத்துக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்குப் போனார்.

செருப்புக் கடைக்கு மேலே ஒற்றை அறை. சன்னலோரம் தையல் மெஷின், அதன் பக்கத்தில் ஒற்றைக் கை மட்டும் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு தலையில்லாத ஒரு பொம்மை. அறையின் ஒரு மூலையைத் திரை போட்டு அடுப்படியாக ஆக்கியிருந்தார்கள். தையல்காரம்மா அவரைக் கண்டதும் பதறிப்போய் ஒரே நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளி எடுத்தார். நேற்றுப் போய்த் தேவையில்லாமல் பேசிவிட்டேன் என்று மறுபடியும் அவரே ஆரம்பித்தார்.

கடைக்காரர் வழியெல்லாம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தார். வாயைத் திறந்தபோது பாதிதான் வந்தது. தக்கையில் ஏதோ கோளாறு, நேற்றுக் கூட்டத்தில் சரியாகக் கவனிக்கவில்லை, இந்த பாட்டிலை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த அம்மா, இதற்காகவா மாடி ஏறி வந்தீர்கள் என்று நன்றி சொன்னார். நன்றியைக் கேட்கக் கேட்க அவருக்கு நாற்காலியே சுட்டது.

அப்போது கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். தைத்த துணியை வாங்க வந்தவர். தையல்காரம்மா ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். கீழே அளவில் ஏதோ தகராறு, பேச்சு நீண்டது. கடைக்காரர் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மீதிப் பாதியை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா ஓடி வரும் சத்தம் கேட்டது. அவரைத் தாண்டிக்கொண்டு திரைக்குள் பாய்ந்தார். திரை விலகியபோதுதான் புகை தெரிந்தது. அடுப்பில் வைத்த பால் பொங்கி, வழிந்து, பாத்திரம் கரியாகிக்கொண்டிருந்தது.

"கீழ வாசல்லயே எனக்கு வாடை வருதே ஐயா. நீங்க பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?"

கோபத்தில் சொல்லவில்லை, வீட்டு மனிதரிடம் சொல்வதுபோலச் சொன்னார். சொன்ன பிறகு, கையில் பாத்திரத்தோடு அப்படியே திரும்பி அவரைப் பார்த்தார்.

"உங்களுக்கு வாடையே தெரியலையா?"

"தெரியாதும்மா" என்றார் கடைக்காரர். "போன மழைக்காலத்துல இருந்து எதுவுமே தெரியாது. நேத்து உங்க ஒயினை நான் முகரவே இல்ல. முகர்ற மாதிரி நடிச்சேன். நாலு பேர் முன்னாடி மானம் போயிடும்னு உங்க மானத்தை வாங்கிட்டேன்."

தையல்காரம்மா மிஞ்சிய பாலை வேறு பாத்திரத்தில் ஊற்றி வைத்தார். அடுப்பை அணைத்தார். சன்னலைத் திறந்தார். பாத்திரத்தின் அடியை ஒட்டுத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே பேசினார். அவருக்கு ஒரே தம்பி. அப்பா போன பிறகு என்னமோ பேச்சு முற்றி, ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் பல வருஷம் ஓடிவிட்டது. இப்போது வேலை விஷயமாக இந்த ஊர்ப் பக்கம் வந்தவன், வரட்டுமா அக்கா என்று கேட்டான். அப்பா வாங்குகிற ஒயின் என்றுதான் அந்த பாட்டிலை வாங்கினார். தம்பி ஒரு வாய் வைத்தவுடன் கெட்டுப்போயிருக்கிறது என்றான். இவருக்கும் அப்படித்தான் தோன்றியது. கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று வந்தார். திரும்பிப் போய், அது நல்லாத்தான் இருக்கிறதாம், நமக்குத்தான் தெரியவில்லையாம் என்று சொன்னார்.

"நான் சொன்னா எப்பவும் தப்பு, ஊர்ல எவன் சொன்னாலும் உனக்கு வேதம்னான். பழசெல்லாம் கிளறிட்டான். பையைத் தூக்கிட்டு லாட்ஜுக்குப் போயிட்டான்." பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். "ஒயின் போனாப் போகுது ஐயா. அவன் சொன்னது சரிதான்னு அவன்கிட்ட யாராவது சொல்லணும். நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நினைப்பான்."

கடைக்காரர் எழுந்தே விட்டார். இப்போதே லாட்ஜுக்குப் போகலாம் என்றார். தம்பி வேலையாக வெளியூர் போயிருக்கிறான், ஞாயிறு மதியம்தான் வருவான், அன்று சாயங்கால ரயிலில் கிளம்புகிறான் என்று தெரிந்தது.

"அப்ப ஞாயித்துக்கிழமை கடைக்குக் கூட்டிட்டு வாங்க."

"அன்னைக்குப் பெரிய மனுஷங்கல்லாம் இருப்பாங்களே."

"அவங்க முன்னாடிதானே உங்களை அப்படிச் சொன்னேன்."

தையல்காரம்மா திரைக்குள் போனார். பிறகு கரியாகாமல் தப்பித்த பாலில் காப்பி கலந்து கொண்டுவந்து நீட்டினார். "அடிப்பிடிச்ச பால்தான். உங்களுக்கென்ன, வித்தியாசமா தெரியப்போகுது? குடிங்க" என்றார். மூக்கு போனபின் முதல் தடவையாகக் கடைக்காரர் அதை நினைத்துச் சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. சூடு மட்டும் தெரிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

அன்று மாலையே தங்கையிடம் சொன்னார். தங்கை, எனக்கு நேற்றே தெரியும் என்றார். பிறகு, கூடப் பிறந்தவளிடம்கூடச் சொல்லாமல் இத்தனை நாள் ஒற்றையாகச் சுமந்தாயா என்று திட்டினார். என்னைக் கூப்பிட்டு முகர்ந்து பாரென்று சொல்லியிருந்தால் குடி முழுகிப்போயிருக்குமா என்று கேட்டார். மூத்த ஆண்தான் முகர வேண்டும் என்பது பழக்கமாயிற்றே என்று கடைக்காரர் முனகினார். "அந்தப் பழக்கத்தைக் காப்பாத்தப் போய்த்தான் மத்த பழக்கமெல்லாம் போச்சு" என்றார் தங்கை.  மனைவியிடம் அன்றே சொன்னார். மனைவி முதலில் வருத்தப்பட்டார். பிறகு, அப்படியென்றால் என் கை பக்குவப்படவே இல்லையா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடை நிறைந்துவிட்டது. நாற்காலி போதாமல், தள்ளாடுகிறவர்களுக்கான நாற்காலியில்கூட ஓட்டல்காரர் உட்கார்ந்துவிட, அதற்கு ஒரு சிரிப்பு எழுந்தது. தையல்காரம்மா கடைசி வரிசையில் வந்து நின்றார். அவர் பக்கத்தில், ஒரு ஆள் நிற்கும் இடைவெளி விட்டு, பெட்டியும் கையுமாக ஒருவர். ரயிலுக்கு நேரமாகிறது என்பதுபோல அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் வாசித்தார். தச்சரைப் பற்றி வாசித்தார். தள்ளுவண்டி, நாற்காலி, வேண்டுதல் எல்லாம் வாசித்தார். வெள்ளம் வந்தது. தாத்தா வளைவு வளைவாகப் பெயர் எழுதினார். அந்த இடத்தில் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

"இதுக்கு மேல நான் எழுதினது சரியில்லைங்க" என்றார். "ஒரு வளைவுல மட்டும் தாத்தா தெரியாதுன்னு எழுதினார். கீழ போனா இன்னைக்கும் பார்க்கலாம். அதை நான் விட்டுட்டேன். ஏன்னா போன மழைக்காலத்துல இருந்து எனக்கும் தெரியாது. காய்ச்சல்ல மூக்கு போயிடுச்சு. இத்தனை நாளா உங்க முன்னாடி நடிச்சிட்டிருந்தேன். வியாழக்கிழமை ஒரு அம்மா கெட்டுப்போன ஒயினைக் கொண்டுவந்தாங்க. அது கெட்டுப்போச்சுன்னு அவங்களும் சரியாச் சொன்னாங்க, அவங்க தம்பியும் சரியாச் சொல்லியிருக்கார். தெரியாதவன் நான் ஒருத்தன்தான். அவங்களைப் போய் உங்களுக்குத் தெரியலைன்னு சொன்னேன். அவங்க என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாங்க. அதை நினைச்சா எனக்குத் தூக்கம் வரல."

 நீதிபதிதான் முதலில் பேசினார்.

"அப்ப போன மாசம் எனக்குச் சிபாரிசு பண்ணினீங்களே, அது?"

"தெரியாதுங்க."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. நீதிபதியும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அது நல்லா இருக்குன்னு நானும் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன்" என்றார் மெதுவாக. "எனக்கும்தான் அப்ப தெரியல." பிறகு எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய், தன் நாற்காலியில் வந்து உட்காரும்படி தையல்காரம்மாவைக் கேட்டுக்கொண்டார். வியாழக்கிழமை சிரித்ததற்கு அவரால் முடிந்த பரிகாரம் அவ்வளவுதான். அது குறைந்ததாகவும் இல்லை.

தங்கை அதே ஒயினில் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து தக்கையை எடுத்தார். கிளாஸில் ஊற்றி முகர்ந்தார். பிறகு ஐந்து தலைமுறைப் பழக்கத்தில் கை தானாக அண்ணன் பக்கம் நீண்டது. கடைக்காரர் கிளாஸை வாங்கிக்கொண்டார். முகத்தின் அருகே கொண்டுபோகவில்லை. நேரே நடந்து போய்த் தையல்காரம்மாவிடம் நீட்டினார்.

"எனக்குத் தெரியாதும்மா. நீங்க பார்த்துச் சொல்லுங்க."

தையல்காரம்மா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, ஊசியில் நூல் கோர்க்கும்போது எடுத்துக்கொள்ளும் நிதானத்தோடு முகர்ந்தார். கடை முழுவதும் அவருக்காகக் காத்திருந்தது. ஆனால் அவர் சொல்லவில்லை. திரும்பி, பின்னால் வந்து நின்ற தம்பியிடம் கிளாஸைக் கொடுத்தார்.

"நீ சொல்லு."

தம்பி பெட்டியைக் கீழே வைத்தார். முகர்ந்தார். வாசலைப் பார்ப்பதை அப்போதுதான் விட்டார்.

"அப்பா வாங்கிட்டு வர்றது இதுதான்க்கா" என்றார்.

அந்த ரயிலை அவர் தவறவிட்டார் என்று பிறகு தெரிந்தது. விருந்து முடிந்து எல்லாரும் போனபின் கடைக்காரர் கிளாஸ்களைக் கழுவித் துடைத்தார். வெட்கம் அவரை விட்டுப் போய்விடவில்லை. திரும்பி வராத பாட்டில்கள் போன வீடுகள் எல்லாம் அப்படியேதான் இருந்தன. அவற்றில் எதற்கு என்ன சொல்லிப் போவது என்று அவருக்கு இன்னும் தெரியாது. மறுநாள் காலை சாவியைத் தங்கையிடம் கொடுத்தார். தங்கை திருப்பினார். வேண்டுதலைச் சத்தமாகச் சொன்னவர் தங்கை. கடைக்காரர் பக்கத்தில் தலைகுனிந்து நின்று, "ஆண்டவா" என்ற கடைசிச் சொல்லை மட்டும் கூடச் சேர்ந்து சொன்னார்.